கோய்க் குளத்துக்குச் செடி ஆகாதா?

ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகரைத் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் பக்கம் திரும்பினால் சாலையின் இரு மருங்கிலும் மனைப் பிரிவுகள். நகரத்துக்குள் கிடைக்காத தோட்டம் இங்கே கிடைக்கிறது. தோட்டம் கிடைத்தவர்களில் சிலருக்கு அதில் ஒரு குளம் கட்டிக் கோய் மீன் விட வேண்டும் என்ற ஆசையும் வருகிறது. ஆசையை வெளியே சொன்னதும் காதில் விழும் முதல் அறிவுரை ஒன்றுதான்: கோய் இருக்கிற குளத்தில் செடி வைக்காதீர்கள். மீன் அதைப் பிடுங்கிப் போட்டுவிடும், மிச்சத்தைத் தின்றுவிடும். செடி அழுகித் தண்ணீர் கெடும். கொசு வரும், பாம்பு வரும். ராத்திரியில் செடி பிராணவாயுவை இழுத்துக்கொள்ள, விடிந்து பார்த்தால் மீன் செத்து மிதக்கும். ஆகவே வெறும் சிமெண்ட் தொட்டி, ஒரு மோட்டார், ஒரு ஃபில்டர், ஒரு யூ.வி. விளக்கு, இதுவே உத்தமம் என்கிறார்கள். மீன் விற்பவர், குளம் கட்டுபவர், ஏற்கெனவே வளர்ப்பவர் என மூவரும் இதையே சொல்வதால் கேட்பவருக்கு இது கைகண்ட உண்மையாகத் தோன்றுகிறது. இதில் பாதி உண்மை இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பாதியிலிருந்து எடுக்கிற முடிவுதான் தவறு. அதிலும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் மின்தடையும் மாறி மாறி வரும் சென்னையின் தென்புறநகருக்கு அது முற்றிலும் பொருந்தாத முடிவு.

இந்த விதி பிறந்த இடத்தை முதலில் பார்க்கலாம். கோய் என்பது வேறெதுவும் இல்லை. நம் சந்தைக்கு வரும் சாதாக் கெண்டையில் நிறம் மாறியவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமங்களில் உணவுக்காக வளர்த்த கெண்டைகளுக்கிடையே நிறக்குஞ்சுகள் தென்பட, விவசாயிகள் அவற்றைத் தனியே பிரித்துப் பெருக்கினார்கள். 1914-இல் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சியில் வைத்த பிறகுதான் வெளியுலகம் இந்த மீனைத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து கோய் ஒரு போட்டி மீன். நீலத் தொட்டியில் விட்டு, மேலிருந்து பார்த்து மதிப்பெண் போடுகிற மீனுக்கு மறைப்பே இல்லாத தண்ணீர் வேண்டும். விற்பவருக்கும் அதே தண்ணீர்தான் வசதி. ஆனால் அதே நீகாட்டாவில் வளர்ப்பவர்கள் கோடை தொடங்கியதும் மீன்களைக் கொண்டுபோய் மண் குளங்களில் விடுகிறார்கள். குளிர் இறங்குவதற்கு முன் வலை போட்டு எடுக்கிறார்கள். உடம்பு பெருப்பதும் நிறம் தெளிவதும் சேறும் புழுவும் பச்சைத் தண்ணீரும் உள்ள அந்தக் குளங்களில்தான். அங்கே அல்லி நட்டு வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மீனின் நலத்துக்குக் கண்ணாடித் தண்ணீர் நிபந்தனை அல்ல என்பதே செய்தி. காட்சிக்கு வைக்கும் சில நாட்களின் விதியை நாம் மீனின் ஆயுள் முழுவதற்குமாக இறக்குமதி செய்திருக்கிறோம்.

எதிர்த் தரப்பின் வலுவான சான்றையும் நானே எடுத்து வைத்துவிடுகிறேன், ஏனென்றால் அவர்கள் அதைச் சரியாக வைப்பதில்லை. கெண்டை செடியைத் தின்பதைவிட அதிகம் செய்வது கிளறுவது. வாயோரத்து மீசைகளால் சேற்றைத் தடவி, புழுவைத் தேடி, வேரோடு பெயர்த்துவிடும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹென்னப்பின், ஹாப்பர் என்ற ஏரிகளில் ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 100 கிலோ கெண்டை என்ற அளவைத் தாண்டியதும் ஏரியின் நீர்ச்செடிகள் சரியத் தொடங்கின. ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு வெறும் 10 கிராம். இப்போது வீட்டுக் குளத்துக்கு வருவோம். 10,000 லிட்டர், நாலடி ஆழம், சுமார் எட்டு சதுர மீட்டர் பரப்பு, அதில் கிலோவுக்கு ஒன்றாகப் பத்துக் கோய்கள் என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 1,250 கிராம். ஏரியின் செடிகள் தாங்கிய அளவைப்போல் 125 மடங்கு. இந்தக் குளத்தின் தரையில் மண் பரப்பிச் செடி நட்டால் நிற்காது என்பதை விவாதிக்கவே தேவையில்லை. ஆனால் இந்தக் கணக்கு எதைக் காட்டுகிறது? மீனின் வாய்க்கு எட்டும் இடத்தில் செடி நிற்காது என்பதை மட்டுமே. வாய்க்கு எட்டாத இடத்தில் செடி வைக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. கூடவே இன்னொன்றையும் காட்டுகிறது. ஏரி தாங்கக்கூடியதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் மீனை ஒரு தொட்டியில் அடைத்திருக்கிறோம். அந்த மீன்கள் கழிப்பதெல்லாம் எங்கே போகிறது?

இதற்கும் கணக்குப் போடலாம். பத்துக் கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் தீவனம் என்பது தாராளமும் அல்ல, கஞ்சத்தனமும் அல்ல. தீவனத்தில் 35 சதவீதம் புரதம், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 5.6 கிராம் நைட்ரஜன் உள்ளே போகிறது. மீன் உடம்பில் தங்குவது அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. மீதி சுமார் நான்கு கிராம், பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக, தினமும் தண்ணீரில் கலக்கிறது. லிட்டருக்கு 0.4 மில்லிகிராம். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மாற்றுகின்றனவே தவிர வெளியேற்றுவதில்லை. முப்பது நாளில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் நைட்ரஜன், நைட்ரேட் கணக்கில் ஐம்பதுக்கு மேல், குளத்திலேயே சேர்ந்து கிடக்கும். நம் ஊரில் ஃபில்டர் வாங்கியவர்களில் பலர் அழுக்கு அதற்குள் போய் மறைந்துவிடுவதாக நம்புகிறார்கள். அது மறைவதில்லை, உருமாறுகிறது. செடியற்ற குளத்தில் அதை வெளியேற்ற நடைமுறையில் தண்ணீர் மாற்றுவதுதான் வழி: வாரத்துக்குப் பத்து சதவீதம் என்றால் ஆயிரம் லிட்டர். மே மாதத்தில் போர்வெல் காற்றை இறைக்கத் தொடங்கும்போது, குடிக்கவும் குளிக்கவும் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில், மீனுக்காக வாரம் ஆயிரம் லிட்டரைச் சாக்கடையில் விடுவதை எந்த வாயால் நியாயப்படுத்துவது? சாக்கடையில் ஏன் விட வேண்டும், தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாமே என்று பதில் வரும். நல்ல பதில். ஆனால் அப்படிச் சொல்பவர், மீன் கழிவைத் தின்று தண்ணீரைச் சரிசெய்வது செடிதான் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறார். குளத்துத் தண்ணீர் ஒருமுறை செடிக்குப் போய்த் தொலைவதற்குப் பதிலாக, செடி வழியாகச் சுற்றிக் குளத்துக்கே திரும்பட்டும் என்பதுதான் என் வாதம்.

தேங்கிய நைட்ரேட்டுடன் வெயிலும் சேர்ந்தால் தண்ணீர் பச்சையாகும். உரம் இருக்கிறது, ஒளி இருக்கிறது, போட்டிக்கு வேறு செடி இல்லை. பாசி வராமல் என்ன செய்யும்? உடனே யூ.வி. விளக்கு மாட்டச் சொல்கிறார்கள். அது தன் வழியே ஓடும் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியைக் கொல்லும். சுவரில் பிடித்த இழைப்பாசியைத் தொடாது. பாசிக்குச் சோறு போட்ட உரத்தில் ஒரு துளியைக்கூடக் குறைக்காது. செத்த பாசி மறுபடி உரம். பச்சைத் தண்ணீரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் மாலைக்குள் பி.எச். ஒன்பது வரை ஏறக்கூடும். அம்மோனியாவின் நச்சு இதைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத் தண்ணீரில் பி.எச். எட்டாக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஏழு பங்குதான் நச்சு வடிவில் இருக்கும்; ஒன்பதானால் நூற்றுக்கு நாற்பத்தைந்து. அதாவது தண்ணீரில் கழிவு கூடாமலேயே விஷம் ஆறு மடங்காகிறது. குளிர் நாட்டில் 15 டிகிரித் தண்ணீரில் கோய் வளர்ப்பவருக்கு இந்தக் கவலை நம் அளவுக்கு இல்லை. சித்திரை வெயிலில் நிழலே இல்லாத சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவருக்கு இதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். பரப்பில் பாதியை அல்லி இலை மூடினால் பாசிக்கு ஒளி குறையும், தண்ணீரில் சூடு குறையும், மடையானுக்கும் மீன்கொத்திக்கும் மீன் எளிதில் கண்ணில் படாது. இந்த மூன்றையும் யூ.வி. விளக்கிடம் எதிர்பார்க்க முடியாது.

சரி, செடியை எங்கே வைப்பது? குளத்தை ஒட்டி, குளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் ஒரு தாழ்ந்த படுகை. ஒன்றரை அடி ஆழம், அதில் முக்கால் அங்குல ஜல்லி. குளத்தின் அடியிலிருந்து மோட்டார் இழுக்கும் தண்ணீர், கசடு தங்க ஒரு சிறு தொட்டி வழியாக வந்து, ஜல்லிக்குள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வழிந்து குளத்தில் விழ வேண்டும். ஜல்லியில் கல்வாழை, கோரை, வெட்டிவேர். ஓரங்களில் வல்லாரை, நீர்ப்பிரம்மி. இவற்றில் எதற்கும் வெளிநாட்டுக்கு ஆர்டர் போட வேண்டியதில்லை. குளத்துக்குள் அல்லி வேண்டுமென்றால் அகன்ற தொட்டியில் களிமண் நிரப்பி, மேலே மீன் புரட்ட முடியாத அளவுக்குப் பெரிய கூழாங்கற்களை அடுக்கி இறக்கலாம்; கற்களைப் புரட்டும் அளவுக்கு மீன் வளர்ந்துவிட்டால் தொட்டியைச் சுற்றி வலைக்கூண்டு. இது ஏதோ ஆசைக் கற்பனை இல்லை. புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீரே செடி நட்ட ஜல்லிப் படுகைகளின் வழியாகச் சுத்தமாகித் தோட்டத்துக்குப் போகிறது. ஆரோவில் அறிவியல் ஆய்வு மையத்தின் வழிகாட்டலில் அமைந்தது அது. ஒரு மருத்துவமனையின் கழிவைத் தாங்கும் முறை பத்து மீனின் கழிவுக்குப் போதாது என்று சொல்ல முடியுமா? கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரந்த சதுப்பு நிலத்தில், நகரத்தின் சாக்கடை நீரிலேயே ரோகு, கட்லாவோடு சாதாக் கெண்டையும் வளர்க்கிறார்கள். கரைகளை அலை அரிக்காமலிருக்கவும் தண்ணீரின் மாசை வாங்கிக்கொள்ளவும் ஓரங்களில் ஆகாயத்தாமரையைக் கட்டுக்குள் வைத்து வளர்க்கிறார்கள். கெண்டையும் நீர்ச்செடியும் ஒரே தண்ணீரில் வாழ முடியாது என்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஆனால் செடியின் மேல் நாம் ஏற்றிவைக்கும் எதிர்பார்ப்புக்கும் ஓர் எல்லை வேண்டும். மூன்று சதுர மீட்டர்ச் செடி தினம் நான்கு கிராம் நைட்ரஜனையும் தானே தின்று தீர்த்துவிடாது. படுகையில் நடப்பதில் பெரும்பங்கு வேரிலும் ஜல்லியிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் வேலை. பிராணவாயு குறைந்த அடிப்பகுதியில் அவற்றில் சில நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. செடி உறிஞ்சியதும்கூட, அதை வெட்டி வெளியே எடுத்தால்தான் குளத்தை விட்டுப் போனதாகக் கணக்கு. பழுத்த இலையைத் தண்ணீரிலேயே அழுக விட்டால் உறிஞ்சியதெல்லாம் திரும்பிவிடும். செடி வைத்தால் தண்ணீர் கெடும் என்ற புகாரின் வேர் இங்கேதான் இருக்கிறது. அது செடியின் குற்றமில்லை, அரிவாளை எடுக்காதவரின் குற்றம். வாரம் ஒருமுறை பழுத்த இலையைக் கிள்ளி, மாதம் ஒருமுறை கல்வாழையை அறுத்துத் தென்னை மூட்டில் போட மனமில்லாதவர் செடி வைக்க வேண்டாம். அவர் ஃபில்டரைக் கழுவவும் போவதில்லை என்பது என் அனுமானம்.

ராத்திரிப் பிராணவாயு பற்றிய அச்சம் படித்தவர்களிடமே அதிகம் இருக்கிறது. இருட்டில் செடி சுவாசிக்கும், உண்மை. எந்தச் செடி எங்கிருந்து எடுத்துச் சுவாசிக்கிறது என்பதுதான் கேள்வி. கல்வாழை, கோரை, வெட்டிவேர் ஆகியவற்றின் இலைகள் காற்றில் நிற்கின்றன. அவை மூச்சு விடுவது காற்றோடு. அல்லி இலையின் மேற்புறமும் காற்றைப் பார்த்துத்தான் இருக்கிறது. தண்டில் ஓடும் குழல்கள் வழியே கிழங்கு வரை காற்றை இறக்கிக்கொள்ளும் செடி அது. ராத்திரி முழுவதும் தண்ணீரிலிருந்தே உறிஞ்சுபவை வேலம்பாசி போன்ற மூழ்கிய செடிகளும் மிதக்கும் நுண்பாசியும். ஆக, விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவதற்குச் செடியற்ற பச்சைக் குளத்தில்தான் வாய்ப்பு அதிகம். போதாததற்கு 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு வரை பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். இந்தக் குறைந்த கையிருப்பில் மோட்டாரை மட்டும் நம்பியிருக்கும் குளம், மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்த பிறகு தாம்பரம் தொடங்கித் தென்புறநகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் அதே கதை. ஃபில்டரில் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் பாக்டீரியாக்களும் மூச்சுத் திணறும். செடிப் படுகை இருந்தால் மின்தடை ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். படுகைக்குள்ளும் ஓட்டம் வேண்டும். ஆனால் குளத்திலேயே நிற்கும் அல்லித் தொட்டிகள் மோட்டார் இல்லாமலும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதோடு, செடியை நம்பிக் குளம் வைப்பவர் அது தாங்கும் அளவுக்கு மீனைக் குறைத்தாக வேண்டும். 10,000 லிட்டரில் பத்துக்குப் பதில் ஐந்து கோய். புயல் நாளில் உண்மையான காப்பு அந்த ஐந்துதான். விற்பவர்கள் இந்தப் பேச்சை எடுக்காததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கொசு பற்றிய ஆட்சேபத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. டெங்கு பரப்பும் ஈடிஸ் கொசு பெரும்பாலும் முட்டையிடுவது கொட்டாங்கச்சி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம் போன்றவற்றில். மீன் திரியும் குளம் அதற்கு உகந்த இடமில்லை. சென்னை மாநகராட்சியே கொசுப் புழுவைத் தின்னப் பல காலமாக நீர்நிலைகளில் கம்பூசியா மீனை விட்டு வந்திருக்கிறது. ஜல்லிப் படுகையில் தண்ணீர் மட்டத்தை ஜல்லியின் மேற்பரப்புக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்திவிட்டால் கொசு முட்டையிடத் திறந்த நீரே இருக்காது. ஆனால் மான்சோனியா என்று ஒரு கொசு இனம் இருக்கிறது. அதன் புழு மேலே வந்து மூச்சு விடுவதில்லை. ஆகாயத்தாமரை, குடைப்பாசி போன்ற மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து அதிலிருந்து காற்றை எடுத்துக்கொண்டு வேர்ப்பின்னலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மீனுக்கும் எளிதில் அகப்படாது. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோய் பரவியதற்கு இந்தக் கொசுவும் அது ஒட்டிக்கொண்டிருந்த குளத்துச் செடிகளும் காரணம். புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அங்கே குளங்களின் செடியை அகற்றி மீன் வளர்க்க வைத்தே அதை எதிர்கொண்டது. ஆக, கொசு வாதம் மிதக்கும் செடிகளுக்கு எதிரான வாதம். வேரூன்றி நிற்கும் செடிகள் மேல் அந்தப் பழியைப் போடுவது சரியல்ல.

பாம்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. குளத்துக்கு வருவது பெரும்பாலும் விஷமற்ற தண்ணீர்ப் பாம்பு. அது தவளையையும் மீனையும் தேடி வருகிறது, செடி இல்லாவிட்டாலும் வரும். உப்பு விஷயம் கொஞ்சம் வலுவானது. மீனுக்குப் புண்ணோ ஒட்டுண்ணியோ வந்தால் கோய் வளர்ப்பவர்கள் லிட்டருக்கு மூன்று கிராம் வரை உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பில் செடி வாடிப்போகும் என்கிறார்கள். 10,000 லிட்டர் குளத்துக்கு இது முப்பது கிலோ உப்பு. அந்தத் தண்ணீரைப் பிறகு எந்த மண்ணில் கொட்டுவது? நோயுற்ற மீனை 500 லிட்டர் தொட்டிக்கு மாற்றினால் ஒன்றரைக் கிலோ போதும். மருந்தும் மிச்சம், தோட்டத்து மண்ணும் பிழைக்கும். புதுச் செடியோடு நங்கூரப் புழுவும் நத்தையும் வரலாம் என்பதும் சரியான எச்சரிக்கைதான். புது மீனைப் போலப் புதுச் செடியையும் இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துவிட்டு நட வேண்டும்.

செடி ஆகாது என்ற கட்சிக்கு நேரெதிரே இன்னொரு கட்சியும் இருக்கிறது. செடி நல்லது என்று கேள்விப்பட்டதும், ஏரியிலிருந்து ஒரு கூடை ஆகாயத்தாமரையை அள்ளி வந்து குளத்தில் போட்டுவிடுபவர்கள். கழிவை உறிஞ்சுவதில் அதற்கு ஈடு கிடையாது. இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும் வேகமும் உண்டு. அந்த வேகமே அதற்கு எதிரான சான்று. கொல்கத்தாவில் அதை நாள்தோறும் காவல் காக்க ஆள் இருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தால் குளம் மூடியிருக்கும், காற்று புகாது, மான்சோனியாவுக்கு வீடு ரெடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி வழியும்போது ஒரு துண்டு தெருக் கால்வாயில் இறங்கினாலும் அது அடுத்த ஏரிக்குப் போய்விடும். இந்த வட்டாரத்து ஏரிகள் அந்தச் செடியால் படுவது போதும். வழிந்தோடும் தண்ணீரில் மீனும் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஹென்னப்பினிலும் ஹாப்பரிலும் செடியை அழித்த அதே மீன் இனம் நம் ஏரியில் கொட்டியையும் நெய்தலையும் விட்டுவைக்கும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. கோய் செடியைப் பிடுங்கும் என்று சொல்லிச் சொல்லி நம்மைப் பயமுறுத்துபவர்கள் இந்தக் கவலையையும் கூடவே சொல்லியிருக்க வேண்டும். குளம் கட்டும்போதே, தண்ணீர் வழிந்து வெளியேறும் குழாயின் வாயில் குஞ்சு மீனும் நுழைய முடியாத கம்பி வலை போட்டு, புரட்டாசி முடிவதற்குள் அதில் அடைத்த இலைகளை எடுத்துவிட வேண்டும். அந்தக் குழாயின் தண்ணீர் கால்வாய்க்குப் போகாமல் தோட்டத்திலேயே ஒரு மழைநீர்க் குழிக்குள் இறங்கும்படி விட்டால் இன்னும் நல்லது.